விக்கி வளர்ந்த கதை – 7: பிரிந்து போகும் உரிமை

2002 பிப்ரவரி. விக்கிப்பீடியா பிறந்து பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. ஜெர்மன், கட்டலான், பிரெஞ்சு, ஸ்பானியம் என்று பதினெட்டு மொழிகளில் வேர் பிடித்திருந்தது. எழுதியவர்கள் எல்லாரும் கூலி வாங்காதவர்கள். தொகுப்பு வேலைக்கென்று சம்பளம் வாங்கியவர் ஒரே ஒருவர்தான், லாரி சாங்கர். அவருக்கும் அந்த மாதத்தோடு சம்பளம் நின்றது.

அதைத் தெரிவித்து அவர் ஓர் அறிவிப்பு எழுதினார். போகிறபோக்கில் அதில் ஒரு வரி வந்தது. இன்னும் சில மாதங்களில் போமிஸ் நிறுவனம் விக்கிப்பீடியாவில் விளம்பரம் விற்கத் தொடங்கலாம், அந்த வருமானம் வந்தால் தமக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கலாம் என்று பொருள்படும் வரி.

அந்த வரியைப் படித்த ஸ்பானிய மொழிக்காரர்கள் அதே மாதம் 26-ஆம் தேதி வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பொதுக் காரியத்தில் அதிகாரம் உண்மையில் யாரிடம் இருக்கிறது? விக்கியின் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு முதல் விடை கிடைத்தது இந்தச் சம்பவத்தில்தான் என்பது என் முடிவு. விதிமுறைகள், குழுக்கள், தேர்தல்கள் எல்லாம் பிறகு வந்தவை.

முதலில் பணத்தின் கதை. போமிஸ், ஜிம்மி வேல்ஸ் தம் கூட்டாளிகளோடு நடத்திய இணைய நிறுவனம். அதன் வருமானம் விளம்பரத்திலிருந்து வந்தது. விக்கிப்பீடியாவுக்கு முன்னோடியான நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்துக்குப் பணம் போட்டதும், அதன் முதன்மை ஆசிரியராகச் சாங்கரை அமர்த்தியதும், விக்கிப்பீடியாவின் கணினிகளுக்கு வாடகை கட்டியதும் போமிஸ்தான். முகவரியும் அப்போது விக்கிப்பீடியா டாட் காம். வணிக நிறுவனங்களுக்குரிய வால் அது. 2000-இல் இணைய நிறுவனங்களின் பங்குகள் சரியத் தொடங்கின. அடுத்த ஆண்டு முடிவதற்குள் விளம்பரச் சந்தையே வற்றிப்போனது. போமிஸும் ஆட்களைக் குறைத்தது. சாங்கரின் வேலை போனது அந்த அலையில்தான். மார்ச் 1-ஆம் தேதி அவர் தம் பொறுப்புகளிலிருந்து முற்றிலும் விலகினார்.

சாங்கர் எழுதியதில் தவறு இருந்ததாக நான் நினைக்கவில்லை. 'விக்கிப்பீடியா' என்ற பெயரை வைத்தவரே அவர்தான். பிழைப்புக்கு வழி தேடிய மனிதர், தம் நிறுவனம் என்ன யோசிக்கிறது என்பதை மறைக்காமல் சொன்னார். கணினிக்கு வாடகை கட்ட வேண்டும், யாராவது பணம் தரத்தான் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் கேட்டவர்களின் காதில் அது வேறு விதமாக விழுந்தது. இரவில் கண் விழித்து நாம் எழுதியதை வைத்து வேறொருவர் காசு பார்ப்பாரா என்பதுதான் அவர்கள் மனத்தில் எழுந்த கேள்வி.

ஸ்பானியக் குழுவில் முன்னால் நின்று பேசியவர் எட்கர் எனியெடி. அவர்களுக்கு விளம்பரத்தின் மீது மட்டும் கோபமில்லை. அது புகைந்துகொண்டிருந்ததை ஊதிவிட்டது, அவ்வளவுதான். பிற மொழி விக்கிப்பீடியாக்களை ஆங்கிலத்தின் ஒட்டுத் திண்ணைபோல நடத்துகிறார்கள் என்ற வருத்தம் முன்பே இருந்தது. உதாரணம் ஒன்று சொல்கிறேன். மாக்னுஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானிய மாணவர் விக்கிப்பீடியாவுக்கென்றே புதிய மென்பொருள் எழுதினார். 2002 ஜனவரியில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. மற்ற மொழிகள் மேலும் பல மாதங்கள் பழைய மென்பொருளிலேயே காலம் தள்ளின. கொள்கை பற்றிய பேச்சுகளும் ஆங்கிலத்திலேயே நடந்தன. முடிவு எடுக்கும் இடத்தில் தங்கள் மொழிக்கு நாற்காலி இல்லை என்று ஸ்பானியர்கள் உணர்ந்தார்கள்.

கோபம் வந்தால் சண்டை போடலாம், மனம் கசந்து எழுதுவதை நிறுத்தலாம். தன்னார்வ அமைப்புகளில் வழக்கமாக நடப்பது இரண்டாவதுதான். இவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி கிடைத்தது. கட்டுரைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு தனியே போவது. அதைச் சட்டப்படி செய்ய முடிந்ததற்குக் காரணம் ஓர் உரிமம்.

ஓராண்டு பின்னே போவோம். 2001 ஜனவரியில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மனின் தூண்டுதலால் நூபீடியா தன் உரிமத்தை மாற்றிக்கொண்டது. குனூ கட்டற்ற ஆவண உரிமம் என்பது அதன் பெயர். அதே மாதம் பிறந்த விக்கிப்பீடியாவும் அந்த உரிமத்தோடு பிறந்தது. அது சொல்வது சுருக்கமாக இதுதான். எழுதியவரின் பதிப்புரிமை எழுதியவருக்கே. யார் வேண்டுமானாலும் இதை நகல் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவர்களுக்குரிய மதிப்பைச் சொல்ல வேண்டும். மாற்றி வெளியிடும்போது அதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

கணினி உலகில் இப்படி எடுத்துக்கொண்டு தனியே போவதை 'ஃபோர்க்' என்பார்கள். நம் பேச்சில் தனிக்குடித்தனம் என்று சொல்லலாம். ஆனால் பாகப்பிரிவினைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அண்ணன் தம்பி பத்து ஏக்கரைப் பிரித்தால் ஆளுக்கு ஐந்து. இங்கே பிரிந்தால் அண்ணனுக்கும் பத்து, தம்பிக்கும் பத்து. சொத்து குறைவதே இல்லை. அப்படியென்றால் பிரிவது யாருக்கும் நட்டமில்லாத காரியமா?

ஸ்பானிய விக்கிப்பீடியாவுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் தெரியும். வெளியேறியவர்களுக்குச் செவில் பல்கலைக்கழகத்தின் கணினியில் இடம் கிடைத்தது. கட்டுரைகளைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். 'என்சிக்ளோபீடியா லிப்ரே' என்று பெயர் சூட்டினார்கள். சுதந்திரக் கலைக்களஞ்சியம் என்று பொருள். பழைய வீட்டில் ஒரு கட்டுரைகூடக் குறையவில்லை. ஆனாலும் அது உறைந்துபோனது. அடுத்த பல மாதங்களுக்கு அங்கே அசைவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு வேலை குறைந்தது. புதியவர்கள் தேடிப் போனது செவிலுக்குத்தான். சில காலம் இரண்டில் பெரியதாக இருந்ததும் அதுதான்.

விக்கியில் பழகியவர்களுக்கு இதன் கனம் புரியும். எந்த விக்கியின் உடல்நிலையையும் அறிய ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். தமிழ் விக்கிப்பீடியாவில் அதன் பெயர் 'அண்மைய மாற்றங்கள்'. ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி. மணி, கட்டுரையின் பெயர், எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்ற எண், செய்தவரின் பெயர், அவர் விட்டுச்சென்ற குறிப்பு. கூடியிருந்தால் எண் பச்சையில் இருக்கும், குறைந்திருந்தால் சிவப்பில். ஒருவர் ஒற்றுப்பிழை திருத்துகிறார். இன்னொருவர் விஷமியின் கைவரிசையை மீள்விக்கிறார். மற்றொருவர் ஆதாரம் கேட்டு வார்ப்புரு ஒட்டுகிறார். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தால் விக்கி உயிரோடு இருக்கிறது. அது நின்றுவிட்டால் உள்ளே எத்தனை ஆயிரம் கட்டுரைகள் இருந்தாலும் பூட்டிய நூலகம்தான். தேரை எத்தனை முறை வேண்டுமானாலும் நகல் எடுத்துவிடலாம், வடம் பிடிக்கும் கைகளை எடுக்க முடியாது.

அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டோமே, அது இங்கே இருக்கிறது. கணினி போமிஸுடையது, முகவரி போமிஸுடையது, சாவியும் போமிஸிடம். ஆனால் எழுதுபவர்கள் ஒரே இரவில் மூட்டை கட்டிக்கொண்டு, எழுதிய அத்தனையையும் நகலெடுத்துக்கொண்டு போய்விடலாம். அவர்களைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த நிலையில் இருக்கும் உரிமையாளர் கட்டளையிட்டுப் பயனில்லை. சொல்லிப் புரிய வைக்க வேண்டும், கேட்டு நடக்க வேண்டும்.

வேல்ஸ் கேட்டு நடந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், விக்கிப்பீடியாவில் வணிக விளம்பரம் ஒருபோதும் வராது என்று அறிவித்தார். முகவரி டாட் காமிலிருந்து டாட் ஆர்குக்கு மாறியது. 2003 ஜூன் 20-ஆம் தேதி விக்கிமீடியா அறக்கட்டளை பிறந்தது. போமிஸ் கையில் இருந்தவை இலாப நோக்கற்ற அமைப்பின் கைக்கு மாறின. அறங்காவலர்கள் தொடக்கத்தில் மூவரே, வேல்ஸும் போமிஸில் அவருடைய கூட்டாளிகளான டிம் ஷெல், மைக்கேல் டேவிஸ் இருவரும். 2004-இல் தன்னார்வலர்கள் வாக்களித்து இருவரை உள்ளே அனுப்பினார்கள். ஒருவர் பிரிட்டனின் ஏஞ்சலா பீஸ்லி, மற்றவர் பிரான்சின் ஃபுளோரன்ஸ் டெவுவார். வேளாண்மை படித்தவரான டெவுவார் 2006-இல் வேல்ஸுக்குப் பிறகு தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். தாய்மொழி ஆங்கிலமாக இல்லாத ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார் என்பதை ஸ்பானியர்களின் பழைய மனக்குறையோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

இத்தனைக்கும் ஸ்பானியப் பிரிவு ஒன்றே காரணமா? ஆம் என்கிற தொனியில்தான் 2011-இல் தந்த ஒரு நேர்காணலில் எனியெடி பேசினார். தாங்கள் வெளியேறியிராவிட்டால் இன்று நாம் பார்க்கும் விக்கிப்பீடியா இருந்திருக்காது என்பது அவர் கருத்து. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். ஆங்கிலத்தில் எழுதிய பலரும் விளம்பரத்தை எதிர்த்தார்கள். அறக்கட்டளை வேண்டும் என்ற எண்ணமும் பலர் மனத்தில் இருந்தது. ஆனால் எதிர்ப்பை வாயால் சொல்வது வேறு, நடந்து காட்டுவது வேறு. நடந்து காட்டியவர்கள் ஸ்பானியர்கள். அவர்கள் போன பிறகு, விளம்பரம் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

சில ஆண்டுகளில் காற்று திரும்பியது. விளம்பரப் பயம் போனது, புதிய மென்பொருள் ஸ்பானியத்துக்கும் வந்தது, புதியவர்கள் பழைய வீட்டுக்கே வந்து சேரத் தொடங்கினார்கள். ஸ்பானிய விக்கிப்பீடியா செவில் களஞ்சியத்தைத் தாண்டி வளர்ந்தது. இன்று அது உலகின் பெரிய விக்கிப்பீடியாக்களில் ஒன்று. பிரிந்தவர்கள் தோற்றார்கள் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் கிடைத்த பிறகுதான் பழைய வீடு நிறைந்தது.

அந்த வீட்டின் பழக்கவழக்கங்களைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். மற்ற மொழிகளில் நிருவாகி என்று அழைக்கப்படுபவரை ஸ்பானியத்தில் 'பிப்லியோதெக்காரியோ' என்பார்கள். நூலகர் என்று பொருள். பக்கத்தை அழிக்கவும் பூட்டவும் ஒருவரைத் தடை செய்யவும் அதிகாரம் உள்ளவருக்கு அப்படி ஒரு பெயர் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதிகாரியைத் தேடுவதுபோல் இல்லாமல் புத்தகம் கேட்டுப் போவதுபோல் இருக்கிறது. ஆங்கிலத்தில் 2004 முதல் நடக்கும் நடுவர் குழுவைப் போலவே அவர்களும் 2007-இல் ஒரு குழு அமைத்துப் பார்த்தார்கள். ஒத்து வரவில்லை. 2009-இல் தாங்களே கலைத்துவிட்டார்கள். ஒரே மென்பொருள், ஒரே அறக்கட்டளை. ஆனாலும் ஆளுகை மொழிக்கு மொழி வேறாக வளர்ந்தது. எல்லாரும் கூடிப் பேசும் பக்கத்தின் பெயரிலேயே அது தெரியும். ஆங்கிலேயர்களுக்குக் கிராமத்து அடிகுழாய். ஸ்பானியர்களுக்குக் காப்பிக் கடை. பிரெஞ்சுக்காரர்களுக்கு 'பிஸ்த்ரோ' என்கிற சிற்றுண்டிக் கடை. தமிழ் விக்கிப்பீடியாவில் அது ஆலமரத்தடி.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இன் பிற்பகுதியில் தொடங்கியது. அறக்கட்டளை பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. விளம்பரச் சண்டை ஓய்ந்த, சொத்துரிமை தெளிவான வீட்டில்தான் நாம் குடிபுகுந்தோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து அமீரகத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் தொடக்க காலத்தில் பெரும்பாலும் தனியாளாக எழுதிக் குவித்தார். பின்னாளில் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு இயல் விருது அளித்தது. தமிழிலும் வீடு பிரிந்திருக்கக்கூடிய பிணக்குகள் இல்லாமலில்லை. கிரந்த எழுத்துகளை வைத்துக்கொள்வதா தவிர்ப்பதா என்ற விவாதம் ஆலமரத்தடியில் அடங்கி அடங்கி எழுந்திருக்கிறது. இலங்கை வழக்கா தமிழக வழக்கா என்பது இன்னொன்று. கனடாவின் அந்த நகரத்தை யாழ்ப்பாணத்தார் ரொறன்ரோ என்பார்கள், சென்னைக்காரர் டொராண்டோ என்பார். எது தலைப்பு?

இதற்கு விக்கியில் ஓர் எளிய கருவி இருக்கிறது, 'வழிமாற்று'. ஒரு பெயர் தலைப்பாக இருக்கும். மற்றப் பெயரில் தேடி வருபவரை மென்பொருளே கைப்பிடித்து அதே கட்டுரைக்கு அழைத்து வந்துவிடும். எந்த வாசலில் நுழைந்தாலும் ஒரே கூடம். தலைப்பு யாருடையது என்ற மனத்தாங்கல் அதனால் முழுக்கத் தீர்ந்துவிடாது. ஆனால் வாசகர் யாரும் வெளியே நிற்க மாட்டார். இரண்டு நாட்டுத் தமிழர்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே களஞ்சியத்தில் எழுதுகிறார்கள். ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டார்கள். பிரிந்து போகும் உரிமை கையில் இருந்தும் பிரியாமல் இருந்தார்கள் என்பதை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

ஸ்பானியப் பாடம் இன்னொரு முறையும் நடந்தது. இம்முறை உரிமையாளர் கேட்டு நடக்கவில்லை.

2003-இல் எவன் புரோட்ரோமோ, மிஷெல் ஆன் ஜென்கின்ஸ் இருவரும் 'விக்கிடிராவல்' என்ற பயணக் கையேட்டைத் தொடங்கினார்கள். உலகெங்கும் பயணிகள் எழுதி வளர்த்தார்கள். எந்த ஊரில் எங்கே இறங்குவது, எந்தப் பேருந்து, எந்தச் சாப்பாட்டுக் கடை என்ற பயனுள்ள விஷயங்கள். 2006 ஏப்ரலில் அது இன்டர்நெட் பிராண்ட்ஸ் என்ற கலிஃபோர்னியா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எழுதியவர்களுக்குச் செய்தி வந்தது விற்பனை முடிந்த பிறகுதான். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜெர்மானியர்கள் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு வெளியேறி 'விக்கிவோயேஜ்' தொடங்கினார்கள். பின்னாலேயே இத்தாலியர்களும் போனார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இன்னும் ஆறு ஆண்டுகள் பொறுத்தார்கள். விளம்பரம் பெருகியது, மென்பொருள் பழசாகிக்கொண்டே போனது, சொன்னால் கேட்க ஆளில்லை. 2012-இல் அவர்களும் மூட்டை கட்டினார்கள். விக்கிவோயேஜோடு சேர்ந்து, விக்கிமீடியா அறக்கட்டளையின் குடையின் கீழ் வருவதென்று முடிவாயிற்று.

நிறுவனம் வழக்குப் போட்டது. அறக்கட்டளையின் மீது அல்ல, இரண்டு தன்னார்வலர்கள் மீது. அவர்களில் ஒருவர் கனடாவைச் சேர்ந்த மருத்துவர். பணி நேரம் போக மிச்சமான நேரத்தில் விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தவர். காசு வாங்காமல் எழுதியவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்ததைப் போன்ற ஒரு செயலை விக்கியின் வரலாற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும். அறக்கட்டளை தன் தரப்பில் வழக்குத் தொடுத்தது. கட்டுரைகளின் உரிமம் தெளிவாக இருந்ததால் நகல் எடுத்ததைக் குற்றம் என்று சொல்ல வழியில்லை. வணிகப் பெயரைப் பற்றித்தான் வாதாட முடிந்தது. 2013 பிப்ரவரியில் சமரசமாக முடிந்தது. அதற்குள், ஜனவரி 15-ஆம் தேதி, விக்கிப்பீடியாவின் பன்னிரண்டாவது பிறந்தநாளன்று, புதிய விக்கிவோயேஜ் திறந்துவிட்டது. பயணக் கட்டுரைகளை எழுதும் கைகளில் பெரும்பாலானவை இப்போது அங்கேதான். விளம்பரம் இல்லை.

உரிமம் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. விக்கிப்பீடியாவின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். 2009-இல் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வாக்களித்த பின் உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறியது, சாரம் பழையதுதான். தேடிய விவரம் கிடைத்ததும் நாம் பக்கத்தை மூடிவிடுகிறோம். அடுத்த முறை மூடுவதற்கு முன் கீழே இறங்கி அந்த வரியை ஒருமுறை படித்துப் பாருங்கள். எழுதியவர்களின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

ஆனால் பிரிந்து போகும் உரிமை எல்லா நோய்க்கும் மருந்தாகவில்லை. ஸ்பானியத்திலும் விக்கிடிராவலிலும் போனவர்கள் கூட்டமாகப் போனார்கள், வேலை செய்யும் கைகள் அவர்களோடு போயின. சிறிய மொழி ஒன்றில், கைகள் குறைவாக உள்ள இடத்தில், நேர்மையானவர்கள் ஒவ்வொருவராக மனம் சலித்து விலகினால் என்ன ஆகும்? பெயரும் முகவரியும் தேடுபொறியில் முதல் இடமும் எஞ்சி நின்றவர்களிடம் போய்ச் சேரும். குரோவாசிய மொழியில் அதுதான் நடந்தது. ஒரு சிறு நிருவாகிக் கூட்டம் வரலாற்றையே தங்கள் அரசியலுக்கு ஏற்பத் திருத்தி எழுதியது. 2013-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே, தாய்மொழி விக்கிப்பீடியாவைப் பார்க்க வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தின் பிடி தளர 2020 வரை ஆனது.

அடுத்த இதழில் குரோவாசியா.

(தொடரும்)